கடற்கரை ஆம்னியின் இறுகிய எக்ஸாஸ்ட் ஸ்டட்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் முறையீடும்

குளச்சலை ஒட்டிய கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து நாகர்கோவிலில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு மாருதி ஆம்னி வேனின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி, ஹெட்டுக்குள் முறிந்து கிடந்த ஸ்டட்டுகளை எடுத்து, மறுபடியும் பொருத்திக் கொடுத்த வேலையை இங்கே பதிவு செய்கிறேன். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்புதான் மேனிஃபோல்டு. ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல் மூடி. ஸ்டட் என்பது மரை (திருகுப் புரி) வெட்டிய, தலையில்லாத கம்பி; ஒரு முனை ஹெட்டுக்குள் ஏறும், மறுமுனையில் நட்டு ஏறி மேனிஃபோல்டைப் பிடிக்கும். வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அந்த ஆம்னி. மற்ற நேரங்களில் கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஓடும். இரவில் அது நிற்கும் இடத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வரிசை வீடுகள் மட்டுமே உண்டு.

உரிமையாளர்தான் ஓட்டுநரும். “காலையில ஸ்டார்ட் பண்ணினா டிக்கு டிக்குன்னு அடிக்கும் அண்ணாச்சி, ஊரு தாண்டுன பொறவு சத்தத்தக் காணோம்” என்றார். மழைக் காலத்தில் கண்ணாடியை ஏற்றி விட்டு ஓட்டினால் தலை வலிப்பதாகவும், பின் இருக்கைப் பிள்ளைகள் புகை நெடி அடிப்பதாகச் சொன்னதாகவும் பிறகுதான் சேர்த்துச் சொன்னார். அந்த இரண்டாவது செய்தியைக் கேட்டதும், வேலை முடியும் வரை வண்டியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று அவரிடம் உறுதியாகக் கேட்டுக் கொண்டோம். ஆம்னியில் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே இருக்கிறது. வேறு கார்களில் மேனிஃபோல்டு ஒழுகினால் புகை பானெட்டுக்குள் கலைந்து காற்றோடு போய்விடும். இங்கே அது ஏறி வருவது ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள். நாம் முகர்வது எரியாத பெட்ரோலின் நெடியைத்தான். அதோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கண்டறிந்தது

இரவு முழுதும் நின்று குளிர்ந்த வண்டியை, இருக்கைகளைத் தூக்கி வைத்து விட்டு ஸ்டார்ட் செய்தபோது டிக் டிக் என்ற ஒலி தெளிவாகக் கேட்டது. இன்ஜின் சூடேற ஏற அது மங்கியது. வால்வு இடைவெளி தளர்ந்தாலும் ஏறத்தாழ இதே ஒலி வரும் என்பதால் காதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. ஆனால் வால்வு ஒலி சூடேறியதும் இப்படி அடங்கிப் போவது அரிது. மேனிஃபோல்டு ஒழுக்கில் அது அடங்குவதற்குக் காரணம், இரும்பு விரிந்து இடைவெளியைத் தற்காலிகமாக மூடிவிடுவதுதான். ஒழுகும் இடத்தைக் கண்ணால் காண, இன்ஜினை நிறுத்தி ஆற விட்டு, தூசி ஊதும் புளோயரைச் சைலன்சர் முனையில் துணி சுற்றிச் செருகிக் காற்றை உள்ளே அனுப்பி, மேனிஃபோல்டு இணைப்பு நெடுகச் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். மூன்றாவது சிலிண்டரின் போர்ட்டை, அதாவது புகை வெளியேறும் வாயைச் சுற்றி நுரை பொங்கியது.

கண்ணாடித் துண்டும் டார்ச் விளக்கும் கொண்டு பார்த்தபோது அந்தப் போர்ட்டை ஒட்டிய கடைசி ஸ்டட்டும் நட்டும் அங்கே இல்லை. மேனிஃபோல்டின் துளை வெறுமையாக இருந்தது. துளைக்குள் விளக்கடித்ததில் ஹெட்டின் முகத்துக்கு உள்ளே முறிந்த இரும்பும், அதன் நடுவை விட்டு ஓரமாக யாரோ துளையிட முயன்ற குழியும் தெரிந்தன. பக்கத்து ஸ்டட்டில் 13 மி.மீ. ஸ்பானர் பிடிக்கும் நட்டு ஒன்று ஏறியிருந்தது. இந்த இன்ஜினின் 8 மி.மீ. ஸ்டட்டுக்குக் கம்பெனி நட்டு 12 மி.மீ. ஸ்பானருக்கானது, 13 என்றால் அது இரும்புக் கடையில் வாங்கிப் போட்டது. இணைப்பைச் சுற்றிச் சிவப்பு சிலிகான் பசை கருகி, பொருக்காக உதிர்ந்து கொண்டிருந்தது. முன்பு ஒரு பட்டறையில் ஸ்டட் முறிந்து, எடுக்க முயன்று, முடியாமல் பசை பூசி அனுப்பியிருக்கிறார்கள் என்பதை இந்த மூன்று தடயங்களே சொல்லிவிட்டன. பெட்ரோல் இன்ஜினின் எக்ஸாஸ்ட் வாயு சுமையில் 700, 800 டிகிரி செல்சியஸைத் தொடும். ரப்பர் வகைப் பசை எதுவும் அந்த இடத்தில் நிலைக்காது.

ஏன் இறுகுகிறது

இந்த இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர் கொண்டது. பிளாக் இரும்பு வார்ப்பு, ஹெட் அலுமினியம். அலுமினிய ஹெட்டில் எஃகு ஸ்டட், அதன் மேல் இரும்பு மேனிஃபோல்டு, வெளியே எஃகு நட்டு. இந்த அடுக்கில் இறுக்கம் இரண்டு வெவ்வேறு இடங்களில், இரண்டு வெவ்வேறு காரணங்களால் நிகழ்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்காதவர்தான் ஸ்டட்டை முறிக்கிறார்.

நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையே இருப்பது செந்துரு. துருவாக மாறிய இரும்பு, மாறுவதற்கு முன் இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக் கொள்ளும். மரைகளுக்கு இடையே இருந்த நூலிழை இடைவெளியில் அது ஆப்பு போல இறங்குகிறது. தினமும் கடுமையாகச் சூடாகி, பின் ஆறி, இரவில் ஈரக் காற்றைக் குடிப்பதால் இந்த ஆப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறுகுகிறது. நட்டுக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் மரையில் படிந்த துரு இன்னும் மோசமானது. நட்டு கழன்று வரும் வழியே அதுதான்.

ஸ்டட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே நடப்பது வேறு. எஃகும் அலுமினியமும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டால் அரிப்புக்கு உள்ளாவது அலுமினியம்தான். அது வெள்ளைப் பொடியாக மாறி மரைகளை நிரப்புகிறது. நன்னீர் ஈரத்தில் மெல்ல நடக்கும் இது உப்புக் காற்றில் பன்மடங்கு விரைவாக நடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில், கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு ஈரம் உலரக் கிடைக்கும் மாதங்கள் சிலவே. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வரும் வண்டிகளும் மழையில் நனைந்தவைதான். அவற்றின் நட்டுகள் செக்கச்செவேல் என்றிருந்தாலும் ஸ்டட்டுகள் ஹெட்டை விட்டுப் பெரும்பாலும் வந்துவிடும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் வெளியே துரு குறைவாகத் தெரிந்தாலும் உள்ளே வெள்ளைப் பொடி இறுக்கியிருக்கும். இது எங்கள் பட்டறை அனுபவத்தில் கண்டது; வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று முதலில் கேட்பதும் இதற்காகத்தான்.

கடைசி ஸ்டட் முதலில் முறிந்ததற்கும் தனிக் காரணம் உண்டு. 30 செ.மீ. நீளமுள்ள இரும்பு வார்ப்பு 400 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 1.3 மி.மீ. நீளும். அதே நீள அலுமினிய ஹெட், தண்ணீர் குளிர்விப்பதால் 70 டிகிரி மட்டுமே ஏறி, அரை மி.மீ. நீள்கிறது. மீதி ஏறத்தாழ 0.8 மி.மீ. அளவுக்கு மேனிஃபோல்டு ஹெட்டின் மேல் வழுக்கியாக வேண்டும். நடுவில் அந்த நகர்வு இல்லை, இரு முனைகளில்தான் அது பாதிப் பாதியாக விழுகிறது. இந்த நகர்வுக்கு இடம் விட்டே மேனிஃபோல்டின் துளைகளைச் சற்றுப் பெரிதாக வைக்கிறார்கள். அந்த இடைவெளியைத் துரு நிரப்பிவிட்டால், ஒவ்வொரு முறை சூடேறும்போதும் மேனிஃபோல்டு முனை ஸ்டட்டைப் பக்கவாட்டில் வளைக்கிறது. ஸ்டட் களைத்து முறிவது இப்படித்தான்.

எதை இழக்கலாம்

வேலையைத் தொடங்குமுன் எங்கள் பட்டறையில் பின்பற்றும் முறை ஒன்று உண்டு. இறுகிய இணைப்பில் எது போனாலும் பரவாயில்லை, எது போகக் கூடாது என்று வரிசை வைத்துக் கொள்வோம். நட்டு போகலாம். ஸ்டட்டும் போகலாம். மேனிஃபோல்டு கூட வேறு வாங்கிக் கொள்ளலாம். ஹெட்டில் உள்ள அலுமினிய மரை மட்டும் போகக் கூடாது. எடுக்கும் கருவி ஒவ்வொன்றையும் இந்த வரிசைப்படி தேர்ந்தால் பெரும்பாலான சேதம் தவிரும். முன்பு வேலை பார்த்தவர் ஓரமாகத் துளையிட்டபோது இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார். சொற்ப விலைப் பொருளைக் காப்பாற்றப் போய் ஹெட்டைக் குத்தியிருக்கிறார்.

விசையின் கணக்கையும் மனதில் வைக்க வேண்டும். 8.8 வலிமைத் தரமுள்ள புதிய 8 மி.மீ. போல்ட் முறுக்கில் ஏறத்தாழ 35 நியூட்டன் மீட்டரில் முறியத் தொடங்கும். அரை மீட்டர் நீளமுள்ள பிரேக்கர் பார் கம்பியின் முனையில் 10 கிலோ எடையளவு அழுத்தம் கொடுத்தால் 49 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அதாவது, பலமுள்ள ஒருவர் மூச்சு வாங்காமலே புது ஸ்டட்டை முறிக்க முடியும். துரு தின்று மெலிந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே இந்த வேலையில் நீளக் கம்பிக்கு இடமில்லை. குட்டை ராட்செட்டும் பொறுமையுமே கருவிகள். எங்களுக்கு லேத் வேலை செய்து தரும் மூத்தவர் ஒருவர் பையன்களுக்குச் சொல்வதை அப்படியே தருகிறேன்: “மக்கா, நட்டு திரும்புதா, ஸ்டட்டு முறுகுதா, அதப் பாத்துட்டு மேல கைய வை.” நட்டு திரும்பினால் கையில் ஒரு சொடுக்கு தெரியும், பிறகு எதிர்ப்பு ஒரே அளவில் இருக்கும். ஸ்டட் முறுகினால் சொடுக்கு இராது. ரப்பரைத் திருகுவது போல் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கிக் கொண்டே வரும், விட்டால் சற்றுப் பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலை உணர்ந்த கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

ஊறலும் நட்டுகளும்

முதல் வேலை கம்பி பிரஷ்தான். நட்டுக்கு வெளியே நீட்டும் மரையைப் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே எண்ணெய் விட்டோம். துரு மேல் எண்ணெய் விட்டால் அது மேற்புறத் தூளிலேயே ஊறி நின்றுவிடும். டபிள்யூடி-40 பலருக்கும் கைப்பழக்கம். 1953இல் அது உருவாக்கப்பட்டதே ஈரத்தை விலக்கத்தான், இறுகிய மரைக்குள் இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட எண்ணெய்கள் தனியே கிடைக்கின்றன. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சம அளவில் கலந்த கலவையும் நன்றாக இறங்கும். இரண்டும் தானே பிரிந்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும், தீ அருகில் வரவே கூடாது. எண்ணெய் விட்டு, நட்டின் முகத்தில் சிறு சுத்தியலால் நேராகத் தட்டி, காத்திருந்து, மீண்டும் விடுவது என்று மாலை வரை செய்து இரவு முழுதும் ஊற விட்டோம். அந்தத் தட்டுதல் வெறும் சடங்கன்று. ஒவ்வொரு தட்டலிலும் துருப் படலத்தில் மயிரிழை விரிசல் விழ, எண்ணெய் அதன் வழியே இறங்குகிறது.

காலையில் சாக்கெட் போட்டபோது 12 மி.மீ. சாக்கெட் பல நட்டுகளில் ஆடியது. துரு தின்று நட்டே சிறுத்துப் போயிருந்தது. அங்கே 12ஐப் போட்டுத் திருகினால் முனைகள் உருண்டு நட்டு வழவழப்பாகிவிடும். 11 மி.மீ. ஆறுமுக சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றினோம். பன்னிருமுக சாக்கெட் வேண்டாம். அது முனைகளில் மட்டுமே பிடிக்கும், ஆறுமுகமோ பக்கங்களிலும் அழுந்தும். முதல் அசைவை இறுக்கும் திசையில் மயிரளவு கொடுத்தோம். துருவின் பிடி உடைய எந்தத் திசையும் போதும், அது உடைந்த பிறகே கழற்றும் திசை. கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடியும் கழற்றுவது. இடையில் இறுகினால் வற்புறுத்தாமல் பின்னால் போவது.

நட்டுகளில் சில இப்படியே ஸ்டட்டை உள்ளே விட்டுவிட்டுத் தனியாக வந்தன. சிலவற்றில் நட்டு ஸ்டட்டைப் பற்றிக் கொண்டே ஹெட்டிலிருந்து இரண்டும் சேர்ந்து வந்தன. அவற்றின் உள்முனையில் மாவு பூசியது போல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ஹெட் மரை கிழியாமல் ஸ்டட் வெளியே வருவது இழப்பாகாது, எப்படியும் எல்லாவற்றையும் மாற்றத்தான் போகிறோம் என்பதால் அது எங்களுக்கு நல்லதாகவே அமைந்தது.

அந்த 13 மி.மீ. நட்டு மட்டும் அசையவில்லை. பெட்ரோல் லைன், வயர்கள் அருகில் இருப்பதால் வண்டிக்குள் வைத்துத் தீ காட்டுவதற்கு நாங்கள் இணங்குவதில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றி, எரிபொருள் குழாயைப் பிரித்து மூடி, தகரத் தகடு மறைத்துச் செய்பவர்கள் உண்டு. ஆம்னியின் நெருக்கத்தில் அது வேண்டாம் என்பது எங்கள் தீர்மானம். ஆகவே நட்டின் ஒரு பக்கத்தில் கூர்மையான உளியை வைத்து, ஸ்டட்டின் அச்சுக்கு இணையாக அடித்து அதைப் பிளந்தோம். இந்த இடத்தில் மேனிஃபோல்டும் ஸ்டட்டும் கொஞ்சம் காயப்படலாம், பரவாயில்லை. பிளந்த நட்டு விரிந்து தானே கழன்றது. ஆனால் முன்பே அதிகமாக இறுக்கப்பட்டு நீண்டு போயிருந்த அந்த ஸ்டட், அடியின் அதிர்வில் ஹெட்டின் முகத்துக்கு வெளியே சுமார் 3 மி.மீ. மட்டும் விட்டு முறிந்தது. ஆக, மேனிஃபோல்டு வெளியே வந்தபோது எடுக்க வேண்டியவை இரண்டு: ஒன்று முகத்துக்கு வெளியே தலை நீட்டுவது, மற்றது உள்ளே ஆழ்ந்து, ஓரம் துளைக்கப்பட்டுக் கிடப்பது.

ஹெட்டை மேசைக்குக் கொண்டு வந்தது

ஹெட்டைக் கழற்றாமலே முடித்துவிட முடியுமா என்று உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்விதான். கழற்றினால் டைமிங் பெல்ட், கூலன்ட், ஹெட்டின் இணைப்பில் ஒழுக்கை அடைக்கும் தகடான கேஸ்கெட் என்று செலவு கூடும். ஆனால் உள்ளே முறிந்த ஸ்டட்டை, டிரில் மெஷினை நேராகப் பிடிக்க இடமே இல்லாத ஓரிடத்தில் கைக்கணக்கில் துளைக்கப் போய், பிட் இரண்டாம் முறையும் வழுக்கினால் தண்ணீர் ஓடும் வழியிலோ எக்ஸாஸ்ட் போர்ட்டிலோ ஓட்டை விழும். அதன் பிறகு ஹெட்டையே மாற்ற வேண்டியதுதான். அவரை ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்து, அந்த ஓரக் குழியைக் கண்ணாடியில் காட்டிய பிறகு அவரே கழற்றச் சொல்லிவிட்டார்.

வெளியே நீட்டிய ஸ்டட்டுக்கு வெல்டிங் முறை. ஸ்டட்டின் மேல் ஒரு வாஷரை வைத்து, அதன் மேல் 10 மி.மீ. நட்டை நிறுத்தி, நட்டின் குழிக்குள் 2.5 மி.மீ. வெல்டிங் ராடால் ஸ்டட்டோடு பற்ற வைத்து நிரப்பினோம். வெல்டிங் இரும்பு அலுமினியத்தில் ஒட்டாது என்பதே இந்த முறையின் உயிர். தீப்பொறி படாமல் இருக்க ஹெட்டின் முகத்தைத் தகட்டால் மூடியிருந்தோம். முதல் முறை வைத்த வெல்டிங் நட்டோடு பெயர்ந்து வந்தது. ஸ்டட் முனையில் எண்ணெய் மிச்சம் இருந்திருக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எண்ணெயைப் போக்குகிறேன் என்று குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தெளித்துவிட்டு வெல்டிங் செய்யக் கூடாது. அந்தச் சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும். நாங்கள் முனையை அரத்தால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, முழுதும் ஆவியாக விட்டு, அசிட்டோன் பாட்டிலை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் வைத்தோம், பிடித்தது.

வெல்டிங்கின் பயன் பிடிமானம் மட்டுமன்று, சூடும்தான். ஸ்டட் சிவக்கச் சூடாகி நீளவும் பருக்கவும் முயல்கிறது, சுற்றியுள்ள மரை அதை அமுக்குகிறது. ஆறும்போது அது சுருங்க, பொடியின் பிடி உடைகிறது. சிவப்பு மறைந்து, தண்ணீர்த் துளி சீறும் நிலைக்கு வந்ததும் மெழுகுவத்தியை ஸ்டட்டின் அடியில் தொட்டோம். உருகிய மெழுகு ஒரு கணம் விளிம்பில் வட்டமாக நின்று, பிறகு மரைக்குள் உறிஞ்சப்பட்டு மறைந்தது. அப்படி மறைந்தால் வழி திறந்துவிட்டது என்று பொருள். ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் ஆட்டியதில், அரைத்த மணல் போன்ற ஓசையோடு ஸ்டட் திரும்பி முழுதாக வெளியே வந்தது.

அலுமினியத்தைத் தீயால் சூடாக்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே 660 டிகிரியில் உருகும், வார்ப்புக் கலவைகள் அதற்கும் முன்னரே இளகிவிடும். 100 டிகிரி கூடினாலே 8 மி.மீ. துளை, எஃகை விட ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அகலும். மரையின் பிடியை விடுவிக்க அதுவே போதும். அதற்கு மேல் சூடு தேவையில்லை.

உள்ளே கிடந்த ஸ்டட்

இதற்கு மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. எக்ஸ்ட்ராக்டர் என்னும் எதிர்மரைக் கம்பியை நான் இத்தகைய இடத்தில் அனுமதிப்பதில்லை. 8 மி.மீ. ஸ்டட்டின் துளைக்குள் போகும் அளவு மெல்லியதாக அது இருந்தாக வேண்டும்; முழு ஸ்டட்டையே முறித்த இறுக்கத்தை அந்த மெல்லிய கம்பி வெல்லும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அது முறிந்தால் சாதாரண டிரில் பிட் எதுவும் அந்தக் கடின எஃகைத் தொடாது.

இரண்டாவது, படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தைச் சூடான தண்ணீரில் நிறையக் கரைத்து, அந்தக் கரைசலில் வைத்தால் எஃகு மெல்லக் கரையும், அலுமினியம் அப்படியே இருக்கும். சிறு அலுமினியப் பாகங்களில் முறிந்த டேப்பை (மரை வெட்டும் கருவியை) எடுக்க இது மிக நல்ல வழி. ஆனால் ஹெட்டில் வால்வு சீட்டுகளும் வால்வு கைடுகளும் இரும்பு வகை. முழுதாக மூழ்கடித்தால் அவற்றையும் கரைசல் தின்னும். துளையைச் சுற்றி மட்டும் அணை கட்டிப் பல மணி நேரம் கொதிநிலையில் காப்பது நடைமுறைக்கு ஒத்து வராது. அதனால் விட்டுவிட்டோம்.

மூன்றாவது, நடுவைக் கண்டுபிடித்து நேராகத் துளைப்பது. கஷ்டம் எங்கே என்றால், முன்பு போட்ட ஓரக் குழி பிட்டைத் தன் பக்கம் இழுக்கும். அலுமினியம் எஃகை விட மென்மையானது என்பதால் பிட் எப்போதும் அலுமினியத்தின் பக்கமே சாயும். ஹெட்டை லேத் அண்ணாச்சியிடம் கொண்டு சென்றோம். அவர் மேனிஃபோல்டின் துளைக்குள் இறுக்கமாக உட்காரும், நடுவில் துளையுள்ள ஒரு புஷ்ஷைக் கடைந்து, மேனிஃபோல்டை மற்ற துளைகளைக் கொண்டு ஹெட்டில் கட்டி, புஷ்ஷின் வழியே நடுப்புள்ளியைக் குறித்தார். பிறகு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு, ஹெட்டை மில்லிங் மெஷினில் கட்டி, அந்தப் புள்ளிக்கு நேராக 4 மி.மீ. எண்ட் மில்லை இறக்கினார். தட்டையான முனை கொண்ட எண்ட் மில் குழியின் சரிவில் வழுக்காது. சரிவையே சீவித் தரையாக்கிவிடும். தரை கிடைத்த பிறகு 5, 6, 6.5 என்று பிட்டுகளை ஏற்றினார். எஃகு முடியும் ஆழத்தைப் பிட்டில் ஒட்டும் நாடா சுற்றிக் குறித்திருந்தார்.

6.5க்குப் பிறகு மிஞ்சியது ஸ்டட்டின் மரை மட்டும், சுருள் கம்பி போல. கூர் ஊசியால் அதன் முனையை உள்நோக்கி நெம்பி இடுக்கியால் இழுத்தபோது ஒரு பாதி சுருளாகவே வந்தது, மறுபாதி உடைந்து உடைந்து வந்தது. துளையில் 8 மி.மீ. டேப்பைக் கையால் இறக்கிப் பார்த்ததில், ஒரு பக்கம் மரை முழுமையாகவும், ஓரக் குழி விழுந்த பக்கம் வழவழப்பாகவும் இருந்தது. அந்த நிலையில் ஸ்டட்டைப் போட்டால் கையிறுக்கத்துக்கு நிற்கும். சூடேறி ஆறும் வேலைக்கு நிற்காது. எனவே 8.3 மி.மீ.க்குத் துளையைப் பெருக்கி, அதற்குரிய தனி டேப்பை மண்ணெண்ணெய் விட்டு விட்டு இறக்கி, 12 மி.மீ. நீளமுள்ள ஹெலிகாயில் என்னும் சுருள் கம்பி மரையைப் பொருத்தினோம். அலுமினியம் வெட்டும்போது மண்ணெண்ணெய் விட்டால் சீவல் டேப்பில் அப்பாது. காயிலின் மேல் முனை ஹெட்டின் முகத்துக்கு அரைச் சுற்று உள்ளே இருக்க வேண்டும். வெளியே தலை நீட்டினால் கேஸ்கெட் உட்காராது. ஹெலிகாயிலை ஒப்பேற்று வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அலுமினியத்தில் அது மூல மரையை விட வலுவாகவே நிற்கும், ஏனெனில் விசை கூடுதல் விட்டத்தில் பரவுகிறது.

மேனிஃபோல்டின் முகம்

இதைப் பார்க்காமல் மாட்டியிருந்தால் எல்லா உழைப்பும் வீணாகியிருக்கும். மேனிஃபோல்டின் முகத்தில் நேர் விளிம்புள்ள ஸ்டிரெய்ட் எட்ஜை வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைச் செருகியபோது மூன்றாவது போர்ட்டில் 0.35 மி.மீ. தாராளமாகப் போனது; 0.1க்கு மேல் விடக் கூடாது. வளைந்த முகத்தை நட்டால் இழுத்துச் சமன் செய்தால் அந்த இழுவிசை முழுதும் கடைசி ஸ்டட்டில் நிரந்தரமாக நிற்கும். முகத்தைச் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்து, துளைகளில் அடைத்திருந்த துருவைப் பிட்டால் மூல அளவுக்குச் சுரண்டி எடுத்தோம்.

பொருத்தியது

புதிய ஸ்டட்டுகள் 8.8 தரம். ஸ்டெயின்லெஸ் போடச் சொல்லி உரிமையாளர் கேட்டார். கடற்கரைக்கு அதுதானே சரி என்பது பொதுவான எண்ணம். ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டு ஏறினால் துரு இல்லாமலே மரையோடு மரை கவ்வி ஒட்டிக் கொள்ளும் குணம் உண்டு, அலுமினியத்தோடு உள்ள அரிப்புப் பகையும் அதனால் தீர்வதில்லை. அதனால் மறுத்தோம். ஸ்டட்டின் ஹெட் பக்க மரையில் உயர் வெப்பம் தாங்கும், மரை இறுகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையை மெல்லியதாகப் பூசி, இரட்டை நட்டு போட்டு அடி தட்டும் வரை ஏற்றினோம். அங்கே பலம் காட்டத் தேவையில்லை. நட்டுப் பக்கம் காப்பர் ஆன்டி சீஸ் பசை. நட்டுகள் 12 மி.மீ. ஸ்பானருக்கான புதியவை. கேஸ்கெட் உலர்வாக, ஒட்டும் பசை எதுவும் இல்லாமல் போடப்பட்டது. ஆன்டி சீஸ் தடவிய மரை அதே முறுக்கில் ஸ்டட்டைக் கூடுதலாக இழுக்கும் என்பதால் 20 நியூட்டன் மீட்டரோடு நிறுத்தினோம்; நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, முதலில் பாதி விசை, பிறகு முழு விசை.

இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டு வந்து, இரவு ஆற விட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை மறுபடியும் போட்டபோது முனை நட்டுகள் கொஞ்சம் திரும்பின. புதுக் கேஸ்கெட் அமுங்கியதன் விளைவு அது. புளோயரும் சோப்புத் தண்ணீரும் கொண்டு பார்த்ததில் நுரை எங்கும் வரவில்லை. ஓட்டையாகிப் போயிருந்த வெப்பத் தடுப்புத் தகட்டையும் மாற்றினோம். மேனிஃபோல்டில் நேரடியாகத் தெறிக்கும் உப்புத் தண்ணீரைத் தடுப்பதில் அதற்கும் பங்குண்டு. வண்டியின் அடியை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவவும், அதுவும் இன்ஜின் நன்றாக ஆறிய பின் செய்யவும் உரிமையாளரிடம் சொன்னோம். சூடான வார்ப்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம்.

வடகிழக்கு மழை முடிந்த பிறகு வண்டியை வரச் சொல்லிப் பார்த்தோம். காலை ஸ்டார்ட்டில் ஒலி இல்லை, கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே நெடி இல்லை. சோதனைக்காக முனை நட்டு ஒன்றைக் குட்டை ராட்செட்டால் கால் சுற்று தளர்த்தியபோது எதிர்ப்பில்லாமல் வந்தது. அதே விசைக்கு இறுக்கி வைத்தோம். ஹெலிகாயில் போட்ட ஸ்டட் வைத்த இடத்திலேயே நின்றது. மேனிஃபோல்டுக்குக் கீழே சைலன்சர் குழாய் சேரும் ஃபிளாஞ்சின் போல்ட்டுகள் மட்டும் செந்துரு ஏறத் தொடங்கியிருக்கின்றன. அவற்றை அடுத்த சர்வீஸில், இறுகும் முன்னரே கழற்றி மாற்றுவதாக உரிமையாளரிடம் பேசி முடித்திருக்கிறோம்.